சைவ வீட்டில் கடல் பேன்கள்

அக்கா,

இன்று காலை மீன்தொட்டியின் கண்ணாடியைத் துடைக்கப் போனேன். வெள்ளைப் புள்ளி ஒன்று அதில் விட்டுவிட்டு நகர்ந்தது. எள்ளில் பாதிகூட இருக்காது. துணியைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் குரல் காதில் கேட்டது: "கண்ணு, தண்ணியில பேன் உழுந்துபோச்சு."

முட்டைகூட நுழையாத வீடு உங்களுடையது. கீழ்ப் பகுதியை எனக்கு வாடகைக்கு விடும்போதே, "மீனு, கறி ஒண்ணும் ஆகாது அம்மணி" என்றீர்கள். "வளர்க்கற மீனுங்கக்கா, பாக்கறதுக்கு மட்டுந்தான்" என்று கெஞ்சி உப்புத்தண்ணீர்த் தொட்டியை உள்ளே கொண்டுவந்தேன். நீலமும் ஆரஞ்சும் கலந்த மாண்டரின் மீனைக் கண்டதும், "பட்டுச்சேலைக் கரையாட்ட இருக்குது" என்று நீங்களும் மயங்கித்தான் போனீர்கள்.

பேன் விஷயத்தில் நான்தான் வாயை விட்டேன். அவை பேன் அல்ல, இறால் நண்டுக்கெல்லாம் பொடிப்பொடியான சொந்தங்கள், கல்லில் படியும் பாசியைத் தின்பவை, அவற்றை உயிரோடு கொத்தித் தின்றுதான் மாண்டரின் பிழைக்கிறது என்று ஆர்வத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்ப என்ற ஊட்டுல எறா இருக்குது."

அதோடு மாடியேறிப் போய்விட்டீர்கள். வேறு வீடு பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். மறுநாள் காப்பித் தம்ளரோடு இறங்கி வந்து தீர்ப்புச் சொன்னீர்கள். "அதுவாப் பொறக்குது, இது திங்குது. காட்டுல புலி மானைப் புடிச்சா நாம என்ன பண்றது? ஆனா நீயா வாங்கியாந்து போடக்கூடாது."

சிக்கல் அங்கேதான் வந்தது. மீன் தின்ற வேகத்துக்குப் பூச்சிகள் பெருகவில்லை. மீனின் வயிறு ஒட்டிக்கொண்டே வந்தது. வேறு தீனி எதைப் போட்டாலும் தொடவில்லை. வேறு வழியில்லாமல் உயிருள்ள பூச்சிகள் ஒரு பாட்டில் சென்னையிலிருந்து வரவழைத்தேன். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று நான் அலுவலகத்தில் யோசித்துக்கொண்டிருந்தபோது, கூரியர்க்காரர் அதை உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

போன் செய்தீர்கள். "உன்ற பேன் வந்துருக்குது. வெயில்ல வெச்சா செத்துப்போயிருமுன்னு எழுதியிருக்குது. எங்க வெக்கறது?"

"குளுமையான எடத்துல வைங்கக்கா. பிரிட்ஜு வேண்டாங்க."

மாலையில் வந்து பார்த்தால் பாட்டில் உங்கள் பூசை அறையில், முருகன் படத்துக்கு அடியில் இருந்தது. "ஊட்டுலயே குளுகுளுன்னு இருக்கற ரூம்பு அதுதான்" என்றீர்கள். பிறகு, நான் எதுவும் கேட்காமலே, "ஒரு உசுரு பட்டினி கெடந்து சாகறதையும் பாக்க முடியாதுல்ல" என்றீர்கள். ஆனால் நான் ஊற்றும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டீர்கள். "ஊத்தீட்டயா? அதுக ஓடி ஒளிய ஒரு ஊடு கட்டிக் குடு."

பவளக்கல் சில்லுகளை மூலையில் குவித்தேன். மீன் நுழைய முடியாத இடுக்குகளில் பூச்சிகள் பெருகின. பெருகியவை மேய வெளியே வந்தன. வந்தவற்றை மீன் தின்றது. மறுபடி பாட்டில் வாங்கும் தேவையே வரவில்லை. சில மாதங்கள் கழித்து, கொழுத்துப்போன மீனைக் காட்டி, "பாத்தயா, அதுகளைத் திங்காமயே எப்படித் தேறிக்கிச்சு" என்று பெருமைப்பட்டீர்கள். நான் தலையாட்டினேன்.

போன சித்திரையில், தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். காரியமெல்லாம் முடிந்தபின், என்னிடம் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசியிராத உங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் கீழே வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தார்.

"நீ வேலைக்குப் போனதும் சாவி எடுத்துட்டு இங்க வந்துருவா. அந்தக் கல்லுகிட்டக் குனிஞ்சு, 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு பேசீட்டு இருப்பா. இந்த மீனு அதுகளைத் திங்கறதே இல்லைன்னு சொல்லுவா. நெசமா?"

"ஆமாங்கய்யா" என்றேன்.

அந்த நேரம் பார்த்து மீன் கல்லோரத்தில் எதையோ கொத்தியது. அவர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செரி. அவகிட்டச் சொல்லிப்போடாத" என்றார்.

இதோ, சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா. மீன் அந்தக் கல் பக்கம் நீந்தும்போதெல்லாம், இப்போது என் வாயும் தன்னால் "உள்ள போங்க" என்கிறது.