மூன்றாவது வளைவு தாங்கியது என்று சொன்னேன்

உழவர்கரை பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. கம்பெனி விட்டு அந்த வழியாகத்தான் தினமும் வருகிறேன். இன்றைக்குப் பேருந்து வரத் தாமதம். கடைக்காரர் ஒரு ட்யூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்வதற்காக வாயால் ஊதிக்கொண்டிருந்தார். அந்த வாடை பட்டதும் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். உன்னைத் தேடித்தான் பார்த்தேன். நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது, இன்னும் இப்படித்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

சைக்கிளுக்கு நீயே பஞ்சர் ஒட்டி ஒட்டி உன் விரல்களில் எப்போதும் அந்த வாடை இருக்கும். கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாய், அப்படியும் போகாது. "சோப்பு போட்டும் போவலடி, மோந்து பாரேன்" என்று என் மூக்குக்குக் கீழே விரலை நீட்டுவாய். ஐம்பதை நெருங்கிய இரண்டு பெண்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டிருப்போம்.

உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் ஒரே பேருந்தில் லாஸ்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள். நீ படிப்பை விடவில்லை. அரசாங்க ஆபீஸில் கிளார்க் ஆனாய், குவார்ட்டர்ஸில் இருந்தவரையே கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாய். நான் ஏரிக்கு மேற்கே நம் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டேன். அப்பா வேலை பார்த்த மில்லை மூடியபோது ஊரில் பாதி வீடுகளில் ஆண்கள் வேலை இல்லாமல் உட்கார்ந்தார்கள். போர்வெல் தண்ணீர் கீழே போய்விட்டது, மேட்டில் முந்திரி காய்ப்பது நின்றது. நான் மாத்திரைக் கம்பெனிக்கு அட்டை மடிக்கப் போனேன். கல்யாணம், சாவு என்றால் நாம் பார்த்துக்கொள்வோம். அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தடித்த டயர் போட்ட சைக்கிளோடு என் வாசலில் வந்து நின்றாய். சுடிதார், தலையில் ஹெல்மெட், முகமெல்லாம் செம்மண். உன் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. மகன் நவீன் படிப்புக்காக பிரான்ஸ் போயிருந்தான், அவன் விட்டுப்போன சைக்கிள் அது.

"சுகர் இருக்கு, நடங்கன்னு டாக்டர் சொன்னாரு. நடக்கப் புடிக்கல. இத எடுத்துக்கினு வந்துட்டேன்."

"லாஸ்பேட்டையிலேர்ந்தேவா?"

"ஆமா. ஏரிக்கரை வரைக்கும் ரோடு, அப்புறம் நம்ம மேடு. அந்த ஓடைக்குள்ள எறங்கி ஏறினேன் பாரு அஞ்சல, ஒரு நிமிஷம் எல்லாமே மறந்துபோச்சுடி."

எல்லாமே என்று எதைச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

நாலைந்து வாரம் கழித்து அந்த யோசனையோடு வந்தாய். வெளிநாட்டில் எங்கேயோ ஒரு மலையூராம், சுரங்கத்தை மூடியதும் ஊரே காலியாகிவிட்டதாம். மிச்சம் இருந்தவர்கள் மலைச்சரிவில் சைக்கிள் ஓட்டுவதற்கென்று மண் பாதைகள் வெட்டினார்களாம். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்களாம், கடைகள் திறந்தார்களாம், பள்ளிக்கூடத்தில் மறுபடியும் பிள்ளைகள் சேர்ந்தார்களாம். கைப்பேசியில் படம் காட்டினாய்.

"அவங்களுக்குச் சுரங்கம், நமக்கு மில்லு. அவங்ககிட்ட மலை இருக்குது, நம்மகிட்ட மேடும் ஓடையும் இருக்குது. புதுச்சேரிக்கு வர்றவன் பூரா பீச் ரோட்ட பாத்துட்டுப் போறான். அதுல நூத்துல ஒருத்தன் இங்க வந்தா போதாதா?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் அண்ணன் ஏழுமலை அதைவிடச் சிரித்தார். "சைக்கிள் ஓட்டப் பாட்டையா? ஏன், ரோடு போட்டு வெச்சிருக்கானே, அது இன்னாத்துக்கு?" என்று கேட்டார். ஆனால் அவர் சம்மதிக்காமல் எதுவும் நடக்காது. ஓடைக்கு மேலே இருக்கும் மேட்டு நிலம் எங்கள் அப்பா விட்டுப்போனது, அண்ணன் கையில் இருந்தது. நீ வரைந்த நாலு பாதைகளும் அந்த மேட்டில்தான் வந்து சேர்ந்தன.

நிலக்காரர்கள் ஏழு பேர். ஏழு வீட்டுக்கும் நான்தான் போய்ப் பேசினேன். உன்னை அவர்களுக்கு டவுன்காரியாகத்தான் தெரியும். என் முகத்துக்காகச் சரி என்றார்கள். அண்ணன் கடைசியாகச் சொன்னார்: "நீ எதுவும் கேட்டதில்ல அஞ்சல. மொத தடவையா ஒண்ணு கேக்குற. எடுத்துக்கோ."

எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. நீ ஒரு தாள் டைப் அடித்துக் கொண்டுவந்தாய். "அதெல்லாம் காட்டுனா பயந்துக்குவாங்க, உள்ள வை" என்று நான்தான் சொன்னேன்.

பத்து மாதம் வெட்டினோம். எங்கள் மகளிர் குழுவில் பதினான்கு பேர், நீ, உனக்குத் தெரிந்த கல்லூரி வாத்தியார்கள் இரண்டு பேர். சனி, ஞாயிறுதான் வேலை. நீ முன்னால் நடந்து கோலமாவைத் தூவிக்கொண்டே போவாய், நாங்கள் பின்னால் மண்வெட்டியோடு வருவோம். வெட்டிய மண்ணைத் திமிசுக்கட்டையால் குத்தி இறுக்குவோம். ஓடையை விட்டு ஏறும் இடத்தில் மூன்றாவது வளைவு இரண்டு தடவை மழையில் கரைந்து போனது. மூன்றாம் தடவை மழை வந்ததும் நீ குடையில்லாமல் அங்கே ஓடினாய். நான் பின்னாலேயே வந்து கத்தினேன்.

"ஜுரம் வந்து கெடப்படி!"

"இரு, தண்ணி எங்க திரும்புதுன்னு பாத்துக்கறேன். அது போற வழிய விட்டுக் குடுத்துட்டா நம்ம வழிய விட்டுரும்."

நனைந்துகொண்டு அரைமணி நேரம் நின்றோம். அதற்குப் பிறகு அந்த வளைவு கரையவில்லை.

முதல் ஞாயிறு பதினோரு பேர் வந்தார்கள். பிறகு முப்பது, நாற்பது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். குழுவில் இட்லி, கூழ், அவித்த வேர்க்கடலை போட்டோம். வெள்ளைக்காரர் ஒருவர் கடலையைத் தோலோடு கடித்ததைப் பார்த்துவிட்டு அண்ணன் ஓடிப்போய், "மல்லாட்டைய உரிச்சுத் துன்னனும் சார், இப்பிடி" என்று உட்கார்ந்து உரித்துக் காட்டினார். மேட்டில் நின்று, "இது எங்க நெலம்தான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவார். தெரு முனையில் டீக்கடை வந்தது. பூட்டியிருந்த இரண்டு வீடுகளை வெள்ளையடித்து, தங்க வருபவர்களுக்கு விட்டார்கள். ஒன்றரை வருடம் அப்படி இருந்தோம். அது என் ஆயுளில் நல்ல காலம். அதை உனக்குத் தெரியும்படி எப்போதும் சொன்னதில்லை.

பெங்களூர்க்காரர் ஒருவர் மாதம் தவறாமல் வருவார், ஞாபகம் இருக்கிறதா? மரியாதையான மனுஷன். கூழ் குடித்துவிட்டு உன்னிடம் கேட்டார், "இவ்ளோ அமைதியான இடம், யாரோடதுக்கா இது?" நீ பூரிப்போடு முந்திரித் தோப்புக்காரரின் பெயரைச் சொன்னாய், நம்பரும் கொடுத்தாய். இரண்டு மாதத்தில் அவர் தோப்பை வாங்கினார், சுற்றிக் கம்பிவேலி வந்தது. நடுவில் பாதை கிடந்தது, அதன் குறுக்கே கேட்.

நாம் போய்க் கேட்டோம். "நீங்க எப்ப வேணா வரலாம்க்கா, வாட்ச்மேன்கிட்ட என் பேர் சொல்லுங்க" என்றார். நம்மை அவமானப்படுத்தும் எண்ணம் அவருக்கு இல்லை. அதனால் சண்டை போடக்கூட முடியவில்லை. திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தாய், ஏறவில்லை. "நாந்தான்டி நம்பர் குடுத்தேன்" என்று மட்டும் சொன்னாய்.

அடுத்து அவருடைய நண்பர் வாங்கினார், அப்புறம் மனை போடுகிறவர்கள் வந்தார்கள். விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காய்க்காத நிலத்தைக் கேட்டு ஆள் வருகிறான், யார்தான் மாட்டேன் என்பார்கள்? நாம் வெட்டிய பாதைதான் அவர்களைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து நிலத்தைக் காட்டியது. இதை நாம் இரண்டு பேரும் நினைத்தோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஏழில் நாலு போன பிறகும், "மேடு இருக்குது. மேடு இருக்கற வரைக்கும் சுத்தி வேற வழி போட்டுரலாம்" என்றாய். மறுபடியும் தாள் எடுத்து வரைந்தாய்.

அந்த வரைபடத்தை முடிப்பதற்குள் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். முற்றிவிட்டது என்று உன்னிடம் சொல்வதற்கு முன்பு என்னிடம் சொன்னார்கள். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்த மூன்றாவது நாள் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"மேட்டுக்கு ஆள் வந்திருக்குது அஞ்சல. அப்பா சொத்து, உன் கையெழுத்து வேணும்."

"அவ ஆஸ்பத்திரில கெடக்கறா. இப்பவா?"

"பொண்ணுக்கு நர்சிங் சீட்டு இப்பதான் கெடைக்குது. போர் மூணு தடவ போட்டுட்டேன், வெறும் பொகைதான் வருது. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு."

அவர் தலையைத் தூக்காமல் சொன்னார், "அன்னிக்கு நீ கேட்ட, நான் குடுத்தேன். இன்னிக்கு நான் கேக்கறேன்."

இதற்கு என்ன பதில் இருக்கிறது, நீயே சொல். நிறைய யோசித்துப் பார்த்துவிட்டேன்.

பத்திர ஆபீஸில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து என்றைக்கும் கோணலாக வரும், அன்றைக்குப் பார்த்து நேராக வந்தது. அடுத்த வாரமே ஜேசிபி வந்தது. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தவன் பத்து மணிக்கு டீ குடிக்கப் போனான். அதற்குள் மேடு இல்லை. மூன்றாவது வளைவை அவன் ஒரே வாரலில் எடுத்தான். நாம் அதற்கு நான்கு மாதம் உழைத்தோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கே மத்தியானம் உன்னைப் பார்க்க வந்தேன். முந்தின ராத்திரி நல்ல மழை பெய்திருந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாய்.

"பெரிய மழையாச்சே. மூணாவது வளைவு தாங்குச்சா?"

"தாங்குச்சுடி."

"போய்ப் பாத்தியா?"

"காலைலதான் பாத்துட்டு வர்றேன். ஒரு கல்லுகூட நவுரல."

நீ சிரித்தாய். உதடு வெடித்திருந்தது, அதனால் பாதிச் சிரிப்பு. என் கையை எடுத்து உன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாய். என் பாதத்தில் இன்னும் ஜேசிபி கிளப்பிய மண் ஒட்டியிருந்தது, அதைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். நாலாம் நாள் நீ போய்விட்டாய்.

இப்போது ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்பாய். ஓடையைத் தூர்த்து மனைக்கல் நட்டிருக்கிறார்கள். வாங்கியவர்களில் இரண்டு பேர்தான் வீடு கட்டினார்கள், அவர்களும் பொங்கலுக்கு ஒரு தடவை வந்து பூட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். மற்றதெல்லாம் வேலிக்குள் முள் மண்டிக் கிடக்கிறது. டீக்கடை எடுத்துவிட்டார்கள். ஏரிக்கரைக்கு நாம் காலங்காலமாக நடந்த ஒற்றையடிப் பாதையும் சுவருக்குள் போய்விட்டது. ஆடு ஓட்டுபவர்கள் ரோட்டைச் சுற்றிப் போகிறார்கள். சிலர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அண்ணன் மகள் நர்சிங்கைப் பாதியில் விட்டுவிட்டு என்னோடு அட்டை மடிக்க வருகிறாள். பேருந்தில் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள்.

உன் தலைத் திவசத்துக்கு நவீன் பிரான்ஸிலிருந்து வந்திருந்தான். காரியம் முடிந்த மறுநாள் ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கு வந்தான்.

"சித்தி, அம்மா வெட்டின பாதையைப் பாக்கணும். போன்ல அதைப் பத்தியேதான் பேசுவாங்க. நான் ஒரு தடவகூடப் பாக்கல."

அவனைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, இதுதான் என்று சொல்லியிருக்கலாம். செருப்பை மாட்டும்வரை அப்படித்தான் நினைத்தேன். தெருவில் இறங்கியதும் கால் வேறு பக்கம் திரும்பியது. குளத்துக்குக் கிழக்கே மழைத் தண்ணீர் அறுத்த சரிவு ஒன்று இருக்கிறதே, ஆடுகள் இறங்கும் இடம், அங்கே கூட்டிக்கொண்டு போனேன். யாரும் அங்கே மண்வெட்டி போட்டதில்லை.

"இதையா அம்மா வெட்டுனாங்க?"

"ஆமா தம்பி. பத்து மாசம்."

அவன் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தான். சரிவில் இறங்கினான், ஏறினான். "எவ்ளோ கரெக்டா வளைச்சிருக்காங்க" என்றான். நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டேன். அவனுடைய கைப்பேசியில் நிறையப் படம் எடுத்துக்கொண்டான்.

போன மாதம் எனக்கு ஒரு படம் அனுப்பினான். அங்கே அவன் வீட்டுச் சுவரில் அந்தச் சரிவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். அடியில் உன் பெயர், தமிழில் ஒரு தடவை, பிரெஞ்சில் ஒரு தடவை. வருபவர்களிடமெல்லாம் இது எங்கள் அம்மா போட்ட பாதை என்று சொல்கிறானாம். அடுத்த முறை வரும்போது சைக்கிளோடு வந்து அதில் ஓட்டப்போகிறானாம்.

அவனுக்கு உண்மையை எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். கை வரவில்லை. உனக்கு எழுத முடிகிறது, நீ படிக்கப்போவதில்லை என்பதால். அவன் வரும்போது அந்தச் சரிவாவது இருக்க வேண்டுமே என்று இப்போது மழை பெய்தால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். போன ஞாயிறு போனபோது, அங்கேயும் இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள்.