ஆறிப்போன சாப்பாடு

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

மிஷனரிப் பயிற்சியில் எங்களை ஆளுக்கொரு வீட்டில் தங்க வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் பிரசங்கமே கூடாது. அந்த வீட்டாரோடு வாழப் பழக வேண்டும். எனக்குக் கிடைத்தது ஒரு தையல்காரர் வீடு. முதல் நாள் உங்களைப் போலவே சாப்பாட்டுக்கு முன் ஊர் உலகத்துக்கெல்லாம் ஜெபித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டார்கள்! மறுநாளிலிருந்து ஜெபம் ஒரே வரிதான். மிச்ச நேரத்தில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டேன்.

நேற்று பசியில் ஜெபிக்க மறந்து தட்டில் கை வைத்துவிட்டேன்.

"என்னம்மா, இன்னிக்கு உங்க சாமிகிட்ட பேசலையா? நாங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்ல" என்றார் தையல்காரர். வீட்டில் ஒருவரும் சாப்பாட்டைத் தொடவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை, அப்பா! இதைக் கேட்ட பயிற்சியாளர், அடுத்து வரும் பதினான்கு பேரைப் பழக்க என்னையே இருக்கச் சொல்லிவிட்டார். அதனால் இந்த வருடம் வீட்டுக்கு வர முடியாது.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. என் பழைய கண்ணாடியை அனுப்புங்கள். உங்கள் சாப்பாட்டு ஜெபத்தையும் போனில் பதிந்து அனுப்புங்கள். சுருக்க வேண்டாம். சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.

உங்கள் மகள்