புதிது ஒன்று, பழையது இரண்டு

இன்று காலை அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தபோது தையல் மெசின் எண்ணெய் மணத்தது. என் வீட்டில் மெசின் இல்லை. ஊசியில் நூல் கோர்ப்பதற்கே எனக்கு வேர்த்துவிடும் என்பது உனக்குத் தெரியும். மணம் வந்தது நீ தைத்துத் தந்த கணக்குக் கட்டுகளிலிருந்து. ஒவ்வொன்றும் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு கிழமைக்குரிய தாள்கள், இடது ஓரத்தில் பள்ளிக்கூடச் சட்டைக்குப் போடும் வெள்ளை நூலால் ஒரே நேராக ஓட்டிய தையல். மேல்தட்டில் இருந்ததெல்லாம் முடிந்துவிட்டது. கீழே மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கட்டு. அதை எடுத்து உன் மகள் ஜெனியின் முன்னால் வைத்தேன். நீ போனபின் அவள் பள்ளிக்கூடம் போவதில்லை. இதை உனக்குச் சொல்லாமல் நான் வேறு எதையும் எழுத முடியாது.

நாம் இருவரும் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். பிறகு உன் அண்ணனை நான் கட்டியதில் மச்சாள் முறை ஆனோம். ஆனாலும் பேச்சு மாறவில்லை. கணக்கில் நீ முப்பது புள்ளியைத் தாண்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. சோதனையில் என் தாளை எட்டிப் பார்க்க நீ நீட்டிய கழுத்துக்கு வாவிக் கொக்கு தோற்றுப்போகும். அப்படிப்பட்ட நீதான் என் மகளுக்குக் கணக்குப் பாடத் திட்டம் போட்டுத் தந்தாய் என்று நம் வகுப்பில் படித்த யாரிடமும் சொன்னால் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

போன வருடத் தொடக்கத்தில் என் மகள் டிலானிக்கு மூட்டுக் காய்ச்சல் வந்தது. அது இதயத்தையும் தொட்டுவிட்டது, ஒரு வருடம் ஓடியாடக் கூடாது, பள்ளிக்கூடமும் வேண்டாம் என்றார் டாக்டர். அப்போது அவளுக்கு எட்டு வயது, மூன்றாம் ஆண்டு. பள்ளிக்கூட அதிபர் நல்ல மனுசி. "வீட்டில வச்சுப் படிப்பியுங்க. வருச முடிவில ஒரு சின்னச் சோதனை வச்சுப் பாப்பம். சரிவந்தா அவட வகுப்போடயே போகட்டும்" என்றார். சரிவராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிலானி மட்டும் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "அப்ப ஜெனி நாலாம் ஆண்டுக்குப் போவா, நான் மூண்டிலயே இருப்பனா?" இரண்டும் ஒரு மாதத்துக்குள் பிறந்த பிள்ளைகள். ஒன்றைவிட்டு ஒன்று காய்ச்சல்கூடக் காய்ந்ததில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டு நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். நீதான் அவளுக்கு, "நாங்க வீட்டிலயே படிப்பம், நீ ஜெனியோடதான் போவாய்" என்று பதில் சொன்னாய்.

இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று நம் பள்ளிக்கூடப் புத்தகம். ஜெனியினுடையதைத் தொடக்கூடாது என்று முந்திய வருடத்துப் பழையது ஒன்றை எங்கோ தேடிப் பிடித்து வந்தாய். மற்றது லண்டனிலிருந்து என் தம்பி அனுப்பிய பயிற்சிப் புத்தகம். நம்முடையது படம் போட்டு, கதை சொல்லி, ஆறுதலாகச் சொல்லிக்கொடுக்கும். ஆனால் ஒரு பாடத்தைத் தாண்டிவிட்டால் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காது. லண்டன் புத்தகம் ஒன்றையும் சொல்லிக்கொடுக்காது. ஆனால் ஐந்து பாடத்துக்கு ஒருமுறை பழையதையெல்லாம் கிளறிக் கேட்கும். "படிக்கிறது இதில, மீட்டுறது அதில" என்றாய். சொல்ல லேசாகத்தான் இருந்தது. நாம் கூட்டலிலேயே நிற்க, லண்டன் புத்தகத்தின் முதல் மீட்டல் பக்கம் பெருக்கலைக் கேட்டது. டிலானி என்னைப் பார்த்தாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ கத்தரிக்கோலைப் பார்த்தாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, இரண்டு புத்தகங்களையும் தாள் தாளாக வெட்டினோம். கூட்டல் ஒரு பக்கம், கழித்தல் ஒரு பக்கம், மணிக்கூடு ஒரு பக்கம் என்று உன் வீட்டு மண்டபம் முழுக்கப் பரப்பினோம். கச்சான் காற்றுக்குத் தாள் பறக்காமல் நூற்கட்டைகளையும் சிரட்டைகளையும் மேலே வைத்தோம். எந்தப் புதுப் பாடத்தோடு எந்தப் பழைய பாடம் வரவேண்டும் என்று நீ அடுக்க, நான் இலக்கம் போட்டேன். பின்னேரம் வரை குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போனது. இவ்வளவும் செய்த நம் இருவருக்கும் ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது தோன்றவில்லை.

அது தெரிந்தது டிலானி அழுத அன்றைக்கு. கழித்தலைத் தொடங்கினோம், முதல் கணக்கே அவளுக்கு விளங்கவில்லை. நீ தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்ச பாரு கா, கழித்தல் தொடங்குற பக்கம் கூட்டல்ட முதுகில கிடக்கு" என்றாய். படம் போட்டு மெதுவாகத் தொடங்கும் அந்த லேசான பக்கம், கூட்டலின் கடைசித் தாளோடு ஒட்டிக்கொண்டு மீட்டல் கட்டுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு பாடத்துக்கும் இதே கதைதான். எனக்கு வந்த கோபத்துக்கு எல்லாவற்றையும் அள்ளி அடுப்பில் வைத்திருப்பேன். நீ விடவில்லை. தொடக்கத்தை நாமே கொப்பியில் எழுதிக் கொடுத்துச் சமாளிப்போம் என்றாய்.

மூன்று கிழமை கழித்து, மீட்டல் கட்டைப் புரட்டிக்கொண்டு வந்த டிலானி அந்தப் பக்கத்தில் நின்றாள். அதற்குள் கழித்தல் அவளுக்குப் பிடிபட்டிருந்தது. கடகடவென்று எழுதிவிட்டு, "இது சரியான லேசு மாமி. இன்னும் இருக்கா?" என்று உன்னைக் கேட்டாள். அந்த வருடத்தில் அவள் தானாக இன்னும் கணக்குக் கேட்டது அன்றைக்குத்தான். நீ என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை, ஏதோ திட்டமிட்டுச் செய்தவள் போல. அதற்குப் பிறகு அதையே சட்டமாக்கினாய். ஒரு நாளைக்குப் புதுசு ஒண்டு, பழசு ரெண்டு. அந்தப் பழசும் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

தெரிந்ததையே செய்து என்ன பயன், நேரம்தான் வீண் என்று நான் வாதாடினேன். கணக்கு எனக்கு எப்போதும் ஒருமுறை சொன்னால் போதும். அப்போது நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "மறந்துபோறது எண்டா என்னெண்டு எனக்குத்தான் கா தெரியும். உனக்குத் தெரியாது. எல்லாரும் எனக்குப் புதுசு புதுசாத் தந்துகொண்டே போனாங்க. ஒருத்தரும் என்னைப் பழசுக்குக் கூட்டிப் போகல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாய். கழுத்தை நீட்டிப் பார்த்தவளுக்குத் தெரியாமல் என் தாளை எத்தனை தடவை முழங்கையால் மறைத்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உறைத்தும் நான் திருந்தவில்லை. சோதனைக்கு ஒன்றரை மாதம் இருக்க, புதிய பாடங்கள் இன்னும் நிறையக் கிடந்தன. பழசை நிறுத்துவோம் என்றேன். நீ மாட்டேன் என்றாய். "உன்ட புள்ள ஒழுங்காப் பள்ளிக்கூடம் போகுது. உனக்கென்ன, ஆறுதலாச் செய்யலாம்" என்று சொல்லிவிட்டேன். நீ கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். திங்கட்கிழமை விடிய, அந்தக் கிழமைக்குரிய கட்டு ஒரு பையில் எங்கள் வாசல் படலையில் தொங்கியது. அடுத்த திங்களும் தொங்கியது. நீ வரவில்லை. நான் அந்தக் கட்டுகளின் தையலைப் பிரித்து, புதுசை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்தேன்.

இரண்டு கிழமைதான். ஒரு நாள் ஐம்பத்திரண்டில் இருபத்தேழைக் கழிக்கச் சொன்னேன், டிலானி முப்பத்தைந்து என்று எழுதினாள். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருந்தாள். முன்பு கண்ணை மூடிக்கொண்டு செய்த கணக்கு. பிழை என்றதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "மறந்துட்டன் அம்மா. எனக்குத் திரும்பவும் வருத்தம் வந்துட்டா?" என்று கேட்டாள். மறதியையும் நோய் என்று நினைத்துவிட்டாள் பிள்ளை. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது.

பிரித்த தாள்களைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ யாருடையதோ பள்ளிக்கூடச் சட்டைக்குக் கொலர் வைத்துக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தாமலே கேட்டாய்.

"பழசையெல்லாம் வச்சிருக்கியா, எறிஞ்சிட்டியா?"

"வச்சிருக்கன்."

"கொண்டா. ஒள்ளுப்பம் தள்ளி நில்லு கா, வெளிச்சத்த மறைக்கிறாய்."

சட்டையை ஒதுக்கிவிட்டு, நான் பிரித்த ஓட்டைகளிலேயே திரும்பவும் ஊசியை ஓட்டினாய். பிறகு தேத்தண்ணி தந்தாய். அந்தச் சொல்லைப் பற்றி நீயும் கேட்கவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நேரம் கிடக்கிறதுதானே என்று இருந்துவிட்டேன். டிலானி சோதனையில் நன்றாகச் செய்தாள். தை மாதம் ஜெனியும் அவளும் ஒரே வாங்கில் போய் இருந்தார்கள்.

இந்த வருடம் ஒரு மத்தியானம் தையல் மெசினிலேயே நீ சரிந்தாய். பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள். மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு ஜெனியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனோம். பள்ளிக்கூடப் படலையடியிலேயே, காலையில் குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். அடுத்த நாளும் அதேதான். கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும், ஆனால் பாடத்தை விடவேண்டாம், விட்டால் வகுப்போடு சேர்வது கஷ்டம் என்றார் வகுப்பு ரீச்சர். அன்றிலிருந்து உன் புருசன் வேலைக்குப் போகும் வழியில் அவளை என்னிடம் இறக்கிவிடுகிறார். உன் பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறது என்று நான் சொன்ன வாயால் இதை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் நாள் ஜெனியின் முன்னால் டிலானியின் நாலாம் ஆண்டுப் பாடத்தை வைத்தேன். அவள் அதை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள். "புதுசு வேணாம் மாமி. பழசு தாங்க" என்றாள். போன வருடம் டிலானி கொப்பியில் செய்து முடித்த கட்டுகளை நீ பின்னேரங்களில் ஜெனிக்கும் கொடுத்து வந்தாய், அவளுக்கு எல்லாமே தெரிந்த தாள்கள். ஒரு கிழமைக் கட்டை ஒரே நாளில் செய்வாள். ஒரு நாள் மூன்றாம் ஆண்டுக் கூட்டல், மறு நாள் மணிக்கூடு. ஒன்றும் பேசமாட்டாள். உன் பேச்சை எடுத்தால் எழும்பி வெளியே போய்விடுவாள். அங்கே வகுப்பு நீண்ட வகுத்தலுக்குப் போய்விட்டது. "புதுசு ஏதும் செய்தாளா?" என்று உன் புருசன் ஒவ்வொரு பின்னேரமும் கேட்பார். நாளைக்குச் செய்வாள் என்பேன். நான் அவசரப்படுத்தவில்லை. நானா என்று நீ கேட்பாய். நான்தான்.

ஆனால் இன்றைக்குக் கடைசிக் கட்டு. அதற்குப் பிறகு கொடுக்க என்னிடம் பழசு ஒன்றும் இல்லை. அவள் செய்துகொண்டு போகப் போக மிச்சத் தாள்களை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். உன்னிடம் நான் கேட்காமல் விட்ட மன்னிப்பை இந்தப் பிள்ளையைப் படிப்பித்துத்தான் தீர்க்கவேண்டும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதுவும் என் கையில் இல்லை என்று தெரிந்தது. கடைசித் தாளை முடித்தாள். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா இருந்தா இப்ப புதுசு தந்திருப்பா."

நீ போனபின் அவள் வாயிலிருந்து அம்மா என்று நான் கேட்டது இதுதான் முதல் தடவை. வகுத்தல் தொடங்கும் பக்கத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். முதல் கணக்கே பிழையாய்ப் போனது. அழித்துவிட்டுத் திரும்பவும் போட்டாள்.