சண்முகத்தாயிடம் இரவல் வாங்கிய சங்கிலி

என் பிரியமுள்ள இசக்கியக்கா,

நீ கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. உன் பேருக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். காலேஜ் ஹாஸ்டலிலிருந்து எழுதியதெல்லாம் கங்காணி பேருக்கு. அவர் வாசிக்க, நீ கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று கேட்பாய் என்று சொல்லுவார்கள். இதையும் யாராவது வாசித்துத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஊரே வாசிக்கட்டும். நாம் பேசாமல் விட்டதை இனி யாருக்காக மூடி வைப்பது?

நேற்று சங்கத்து ஆபீசுக்கு வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. செல்வியின் தாய், அதாவது நீ, இறந்ததற்கு இரண்டு வரி வருத்தம். அதற்குக் கீழே, "தாயை இழந்த பிறகு எடுத்த புதிய படம் ஒன்று தேவை. வீட்டு வாசலில், அன்றாட உடையில் இருந்தால் நல்லது." வெளிச்சம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்றுகூட எழுதியிருந்தார்கள், அக்கா.

உனக்குத் தெரியாததில்லை. எஸ்டேட்டுப் பிள்ளைகளுக்குப் பால் பவுடரும் கோதுமையும் கொண்டுவந்த அதே சங்கம்தான். நோய்ப்பட்ட பிள்ளை ஒவ்வொன்றுக்கும் கடல் கடந்த ஊரில் ஒரு குடும்பத்தைப் பிடித்துக் கொடுப்பார்கள். வைத்தியம் அவர்கள் பொறுப்பு. பதிலுக்குப் பிள்ளை கடிதம் எழுத வேண்டும். அதை இங்கிலீஷில் எழுதுவதுதான், பாடம் நடத்திப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, எனக்கு வேலை. ஒரு பையன், "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னான். எழுதினேன். சங்கத்து மேலாளர் அந்த வரியை அடித்துவிட்டார். ஆடு இருக்கிறவன் ஏழையில்லையாம்.

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா?

செல்விக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து வலது கால் சூம்பிப் போனது. ஒன்பது வயதுவரை அவளை நீ இடுப்பில்தான் சுமந்தாய். ஆபரேஷன் செய்து, கம்பி வைத்த பூட்ஸ் போட்டால் நடப்பாள் என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்ன அன்று, நான் ஓடிப்போய்ச் சங்கத்து ஃபாரம் வாங்கி வந்தேன். எல்லாக் கட்டத்தையும் நானே நிரப்பினேன். "ஒரு போட்டோ மட்டும் எடுத்துக் குடு அக்கா" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டேன். எப்படிப்பட்ட போட்டோ என்று சொல்லவில்லை. வரிசை வீடுகளான நம் லயத்தில் போட்டோ என்றால் என்ன என்பதை நாலு வருஷ ஹாஸ்டல் என்னை மறக்கடித்திருந்தது.

நம் லயத்தில் ஆயுசுக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோதான் போட்டோ. அதற்கு மொத்த லயமும் கூடித்தான் அலங்காரம் பண்ணும். ஒரு வீட்டில் பாவாடை, ஒரு வீட்டில் பவுடர், சங்கிலி மட்டும் எப்போதும் சண்முகத்தாயுடையது. பத்து வீட்டுச் சுவரில் பத்துக் கல்யாண ஜோடி தொங்கினாலும் எல்லாப் பெண் கழுத்திலும் அதே இரட்டைவடம்தான்.

வண்டிப்பெரியார் ஸ்டுடியோவில் செல்வியை அப்படித்தான் நிறுத்தியிருந்தாய். பட்டுப் பாவாடை, ரெட்டைச் சடை, கழுத்தில் சண்முகத்தாயின் சங்கிலி. முன்னால் ஒரு நாற்காலி. "காலை மறைச்சிட்டேன் பாத்தியா? பொட்டப்பிள்ளை. நாளைக்கு ஒரு நல்லது பேச வரும்போது இந்தப் போட்டோதானட்டி நிக்கும்" என்றாய். எனக்கு நெருடியது. ஆனால் உன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் வாயை மூடிக்கொண்டு கவரை ஒட்டினேன்.

மூன்று மாதம் கழித்துப் படம் திரும்பி வந்தது. குண்டூசியில் ஒரு சீட்டு: இந்தக் குடும்பத்துக்கு உதவி அவசியம் என்று தோன்றவில்லை.

"டீச்சரே, கால் காணணும். கண்டால் தரும்" என்றார் மலையாளத்துக்காரரான மேலாளர். காலைப் பார்த்தால்தான் உதவுவார்களாம். கெட்ட மனுஷன் இல்லை. தன் சாப்பாட்டைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறவர். அவருக்கும் மேலே யாரோ படம் கேட்டார்கள்.

பிறகு சங்கமே ஒரு போட்டோக்காரரை அனுப்பியது. அவருக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். நீ காலையிலேயே செல்விக்கு எண்ணெய் தேய்த்துச் சடை பின்னி வைத்திருந்தாய். அவர் அவளைச் சாக்கடை ஓரம் துவைக்கிற கல்லில் உட்காரச் சொன்னார். பாவாடையைத் தொடைவரை ஏற்றச் சொன்னார். அப்புறம் தலையைக் காட்டி என்னவோ சொன்னார்.

"சரசு, என்ன சொல்லுதாரு?"

"முடியைக் கலைச்சு விடச் சொல்றாரு அக்கா."

நீ கல்லருகே போனாய். பிறகு காலையில் பின்னிய அதே கையால் சடையை அவிழ்த்து, கலைத்து, பிள்ளை முகத்தில் போட்டாய். அவர் படம் எடுத்து முடித்து, நன்றி சொல்லி, ஜீப்பில் ஏறிய பிறகுதான் கேட்டாய்: "ஏட்டி, அம்புட்டுப் படிச்சியே. அதைத் தமிழ்ல சொல்லாம இருக்க உனக்குத் தெரியலியா?"

அவர் அப்படிச் சொல்லவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சடையோடு எடுத்த படத்துக்கு இரக்கப்பட மாட்டார்களா என்று அவரைக் கேட்டிருக்கலாம். உன் முதுகுக் கூடைதான் என்னைக் காலேஜுக்கு அனுப்பியது. அங்கே கற்ற இங்கிலீஷை முதல்முதலாக உன் வாசலில் இதற்குத்தான் பிரயோகித்தேன்.

அந்தப் படத்துக்கு உடனே ஒரு குடும்பம் கிடைத்தது. ஆபரேஷன் நடந்தது. செல்வி நடந்தாள். இதை இல்லை என்று எப்படிச் சொல்ல? என் கோபம் ஒவ்வொரு முறையும் அவள் காலில் போய் முட்டி நின்றுவிடுகிறது. திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

மறுவருஷம் அந்தப் படம் சங்கத்துக் காலண்டரில் வந்தது. பால் பவுடர் வாங்க வந்த நீ அதைப் பார்த்தாய். "நல்லா விழுந்திருக்கு" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு என்னை நீ ஒரு நாளும் கேலி செய்யவில்லை. "காலேஜுக்காரி, உலை வைக்கத் தெரியுமாட்டி?" என்று கேட்ட வாய், "சாப்பிட்டியா சரசு" என்று மரியாதையாகக் கேட்கத் தொடங்கியது. நெஞ்சுச் சளியோடு கடைசியாகப் படுத்திருந்தபோதும் அதே மரியாதைதான். நீ என்னை அடித்திருக்கலாம் அக்கா.

செல்வி இப்போது என்னோடு இருக்கிறாள். பதின்மூன்று வயது. இந்த வருஷம் மளமளவென்று வளர்ந்துவிட்டாள். பழைய பூட்ஸ் கணுக்காலைக் கடிக்கிறது. புதியது செய்ய ஆஸ்பத்திரிக்குச் சங்கத்தின் கடிதம் வேண்டும். சங்கத்துக்குப் படம் வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் அந்தக் கடிதத்தை ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குத் தமிழில் வாசித்தேன். கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அன்றாட உடைன்னா என்ன சித்தி? அன்னைக்குக் கலைச்சுவிட்டீங்களே, அதுவா?"

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"அம்மா அவுக்கும்போது என் முகத்தையே பாக்கல. அது ஞாபகம் இருக்கு." பென்சிலைக் கீழே வைத்தாள். "சண்முகத்தாய் பெரியம்மாகிட்ட சங்கிலி கேளுங்க. ஆனா நாற்காலிக்குப் பின்னால நிக்க மாட்டேன். பூட்ஸும் தெரியட்டும்."

"அதைப் பாத்துட்டு அவங்க நிறுத்திட்டா?"

"பழைய பூட்ஸ் கடிக்கும். கடிக்கட்டும்."

இன்று காலை சண்முகத்தாயிடம் போனேன். கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டே, "ஏன் டீச்சர், இது வெளிநாடு போய்த் தோத்துட்டு வந்த சங்கிலில்லா? மறுபடியும் அனுப்புதியளா?" என்று சிரித்தாள். பிறகு முந்தானையால் அதைத் துடைத்து, "இசக்கி கேட்ட மாதிரியே வந்து கேக்கிய" என்றாள். சங்கிலியை என் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

அந்தப் பூட்ஸ் கிடைக்குமா, கிடைக்காதா? எனக்குத் தெரியாது. கிடைக்காவிட்டால் அவள் காலில் வரும் புண்ணுக்கு நானே மருந்து போட வேண்டும். உன் முதல் போட்டோ அந்தக் குண்டூசித் துளையோடு என் பெட்டியில்தான் இருக்கிறது. அதையும் அதே கவரில் வைத்து, இந்தச் சங்கிலி யாருடையது, எங்கள் லயத்தில் அது எத்தனை கழுத்து ஏறி இறங்கியது என்று இங்கிலீஷில் எழுதப் போகிறேன். ஃபாரத்தில் அதற்கு இடம் இல்லை. தனித்தாளில் எழுதுவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவுக்குப் போகிறோம். செல்விக்கு நான்தான் சடை பின்னுவேன். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அக்கா. அதைக் கலைக்கச் சொல்லி இனி யார் எந்தப் பாஷையில் சொன்னாலும், அந்தச் சொல் என் வாய் வழியாகத் தமிழுக்கு வராது.

உன் கூடை இறங்கிய பிறகும் உனக்குக் கடன்பட்டிருக்கும்
உன் தங்கச்சி,
சரசு