வலப்பக்கத்து வாசகிக்கு

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நலமா என்று கேட்க மாட்டேன், கோபத்தில் இருக்கிறேன். இனி வருவதை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பச் சொல்லி நானும் கெஞ்சப்போவதில்லை. இது சத்தியம்.

நேற்று, நாம் சேர்ந்து பத்தி எழுதும் பத்திரிகையின் ஆசிரியர் போன் செய்தார். உங்க மருமக இனிமே மங்கா படக்கதை விமர்சனம் எழுத மாட்டாங்களாம், ஆபீஸ்ல கேலி பண்றாங்களாம், பேரை எடுத்துடச் சொல்றாங்க என்றார். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கூரைப் புறாக்கள் வேறு கண்டத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

ஜப்பான்காரன் வரைந்தால் பொம்மைப் புத்தகமாமா? பேய்களுக்கு வாடகை வீடு பிடித்துத் தரும் தரகர் கதையில் ஒன்பதாம் தொகுதி வந்திருக்கிறது. அதை அந்தச் சிரிப்பாளிகளிடம் கொடு. நாலாம் பக்கத்தில் அம்மாவைக் கூப்பிடுவார்கள். உன் மேனேஜர் அட்டையைப் பார்த்ததுமே கூப்பிடுவார்.

அவர்கள் சிரித்ததில் எனக்கு ஒன்றுமில்லை. கூடச் சேர்ந்து நீயும் சிரித்தாயோ என்பதுதான் வயிற்றெரிச்சல். விலகுவதை என்னிடம் சொல்ல வாய் வரவில்லை, ஆசிரியரிடம் மட்டும் வந்ததா?

உனக்குப் பதில் உன் அப்பாவை உட்காரவைத்துப் பார்த்தேன். விமர்சனத்துக்குப் பத்திரிகை அனுப்புவது ஒரே பிரதி. சேர்ந்து சத்தமாக வாசிக்கையில் வலப்பக்க வசனம் உன் குரல், இடப்பக்கம் என் குரல் என்ற நம் சட்டத்தை விளக்கினேன். மச்சான் தலையாட்டிவிட்டு, வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டிய கோல்கீப்பர் தொடரைக் கடைசித் தாளிலிருந்து இடமிருந்து வலமாகத் தொடங்கினார். "என்னய்யா இது, பந்து வலையிலேர்ந்து கிளம்பி அவன் காலுக்குப் போகுது?" என்றார். அக்காவோ, ரெண்டு கிழங்களும் பொம்மை பாத்துக்கிட்டே பட்டினி கிடங்க என்று சமையலறையைப் பூட்டிவிட்டாள். நாங்கள் ஒரு மாமாங்கம் பசியோடு இருந்தோம்.

கடைசியில் உனக்குப் பிடித்த காதல் தொடரைத் தனியாக எடுத்தேன். பன்னிரண்டாம் தொகுதி வந்தும் அந்த இரண்டு மக்குகளும் கையைப் பிடிக்கவில்லை. அதற்குள் நம் ஊரில் மூன்று பாலம் கட்டி ஒன்றை இடித்தே விட்டார்கள். இப்படி இழுப்பது அநியாயம் என்று விமர்சனத்தில் காறித்துப்ப இருந்தேன். அப்போதுதான் ரயில் நிலையக் காட்சி வந்தது. அவள் கிளம்புகிறாள். அவளுடைய கேள்வி வலப்பக்கம், அவன் பதில் இடப்பக்கம். என் பக்கத்தை மட்டும் சத்தமாக வாசித்தேன். கேள்வியே இல்லாமல் "மறக்க மாட்டேன்" என்று ஒருவன் தனியறையில் சொன்னால் எப்படி இருக்கும்? நான் அழுத அழுகையில் கீழ்வீட்டுக்காரர் படகு வாங்கப் போனார்.

ஒற்றை ஆளாக எழுதினால் பத்தியையே நிறுத்திவிடுவேன் என்கிறார் ஆசிரியர். அந்தக் காதல் தொகுதியில் என் காசில் இன்னொரு பிரதி வாங்கி இதோடு அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனை எடு, ஆளுக்கொரு பிரதியோடு வாசிப்போம். விமர்சனத்தில் திட்டுவதா புகழ்வதா என்று அப்புறம் சண்டை போடலாம். பெயர் வேண்டாமென்றால் போடாதே, குரலையாவது கொடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. யார் சிரித்தாலும் தலை குனியாதே. நன்றாக இரு.

இப்படிக்கு,
இடப்பக்கத்து மாமா

பி.கு.: புறா பொய், பட்டினி பொய், படகும் பொய். அந்த வலப்பக்கத்தை இன்னும் நான் வாய்விட்டு வாசிக்கவில்லை. அது மட்டும் நிஜம்.