முக்காலி மண்டலத்தில் நகர்ந்த கல்

அனுப்புநர்:
நில அளவையர்
(விளையாட்டுப் பெயர்: சங்கிலி),
மாடி வீடு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில்.

பெறுநர்:
விண்மண்டல ஒழுங்கு அலுவலர் அவர்கள்,
விண்வெளித் தேடல் விளையாட்டு நிறுவனம்.

பொருள்: முக்காலி விண்மீன் மண்டலம் – மூன்றாம் கிரகம் – எல்லைக் கல்லை நகர்த்தியவர் மீது நானே கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல் – வெளியேற்றப்பட்டவரை மீண்டும் அனுமதிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இம்மாதம் 3ஆம் தேதியிட்ட எனது புகார், அதன்மேல் நான்கே மணி நேரத்தில் தாங்கள் பிறப்பித்த தடை ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் விளையாட்டில் ஒரு விண்மீன் மண்டலத்தை முதலில் கண்டுபிடிப்பவரே அதற்குப் பெயர் வைக்கலாம் என்பது விதி. அவ்வாறு நான் கண்டுபிடித்த மண்டலத்தில் மூன்று சூரியன்கள் இருந்தபடியால், எங்கள் அளவைக் கருவி நிற்கும் முக்காலியின் பெயரை அதற்குச் சூட்டினேன். உறவினர் எல்லோருக்கும் படம் அனுப்பிப் பெருமையடித்துக்கொண்டேன். அக்கா மட்டும் வாய் திறக்கவில்லை.

2. தொழில் புத்தி விடவில்லை. மூன்றாம் கிரகத்தை முறைப்படி அளந்து, நான்கு மூலைகளிலும் எல்லைக் கல் நட்டேன். உருண்டைக்கு மூலை கிடையாது என்பது நான்காவது கல்லை நட்ட பிறகுதான் விளங்கியது. ஆனாலும் நட்ட கல்லைப் பிடுங்கும் வழக்கம் எங்கள் துறையில் இல்லை.

3. சில நாட்களில் நான்காவது கல் நகரத் தொடங்கியது. ‘ஊசி’ என்ற பெயரில் விளையாடும் ஒருவர், நான் இல்லாத நேரத்தில் வந்து, நாளொன்றுக்கு ஒன்றரை அடி வீதம் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு நாள் பொறுத்தேன். பிறகு அட்டவணை போட்டு, படம் வரைந்து, தங்களிடம் புகார் செய்தேன்.

4. தாங்கள் நான்கு மணி நேரத்தில் ஊசியை மண்டலத்தை விட்டு வெளியேற்றி, கல்லையும் பழைய இடத்தில் நட்டுவிட்டீர்கள். இருபத்திரண்டு ஆண்டு அலுவலக அனுபவத்தில் இப்படியொரு வேகத்தை நான் கண்டதில்லை. என் குறையே அதுதான் ஐயா. வேறெந்த அலுவலகமாக இருந்தாலும் இந்நேரம் என் புகார் மேசைக்கடியில் நிம்மதியாகக் கிடந்திருக்கும்.

5. அன்று மாலை புகாரின் நகலைப் படித்த என் மனைவி, “பன்னெண்டு நாளும் ஒன்றரை அடி, ஒன்றரை அடின்னு எழுதியிருக்கீங்களே, உங்க அக்கா கடைப் படிக்கட்டு எத்தனை அடிங்க?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

6. என் அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். பதினோரு மாதங்களுக்கு முன் சாலை விரிவாக்கத்துக்காக அந்தத் தெருவை நான்தான் அளந்தேன். கடைப் படிக்கட்டு ஒன்றரை அடி தெருவுக்குள் நின்றது, இடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. என் அளவில் தவறில்லை. ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல், யாரோ போல அறிவிப்பைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேனே, அதுதான் தவறு. அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பதினோரு மாதம் ஆகியிருக்கிறது. நான் பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால்தான்.

7. நேரில் போய்ச் சொல்லலாமே என்று தாங்கள் கேட்கலாம். போனேன். படிக்கட்டு இல்லாததால் வாடிக்கையாளர்கள் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறித்தான் கடைக்குள் போகிறார்கள். என்னைக் கண்டதும் அக்கா அந்தப் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டார்.

8. பிறகு மூன்றாம் கிரகத்துக்குப் போய் நான்காவது கல்லைச் சுற்றி வந்தேன். அளப்பதிலேயே குறியாக இருந்ததால் அதன் பின்பக்கத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அதில் இரண்டு வரி எழுதியிருந்தது: “இந்தக் கல்லும் தெருவுக்குத்தான் சொந்தமா? நாளைக்கும் வருவேன்.” மறுநாள் அவர் வந்திருப்பார். மண்டலத்தின் கதவில் தங்கள் தடை அறிவிப்பு ஒட்டியிருந்திருக்கும். இரண்டாவது முறையும் அது என் கைங்கரியம். யானை தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாலும் தன் தலையில்தான் போட்டுக்கொள்கிறது. நான் அக்கா தலையிலும் போட்டுவிட்டேன்.

9. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஊசி மீதான தடையை நீக்க வேண்டும். நான்காவது கல்லை, அவர் நகர்த்தி வைத்திருந்த பதினெட்டாவது அடியிலேயே மீண்டும் வைக்க வேண்டும். நான் தடையேதும் சொல்ல மாட்டேன். வேண்டுமானால் எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறேன். தங்களின் அந்த நான்கு மணி நேர வேகத்தை இதற்கும் காட்டினால் நன்றியுடையவனாவேன்.

10. கடைசியாக ஒரு கணக்கு. அந்தக் கிரகத்தின் சுற்றளவு 27,375 அடி. நாளுக்கு ஒன்றரை அடி வீதம் அந்தக் கல் ஒரு சுற்று சுற்றி, நான் நட்ட இடத்துக்கே வந்து சேர ஐம்பது ஆண்டுகள் ஆகும். அக்காவுக்கு இப்போது வயது ஐம்பத்தொன்று. மிச்சமிருக்கும் அடிகளைத் தள்ள அவர் ஒரு நாளும் தவறாமல் வர வேண்டியிருக்கும். நானும் ஒரு நாளும் தவறாமல் போய்க் கல்லின் பின்பக்கத்தைப் படிப்பேன்.

இப்படிக்கு,
தன் புகார் தோற்க வேண்டும் என்று காத்திருக்கும்,
சங்கிலி
(ஒப்பம்)

இடம்: மூன்றாம் கிரகம், நான்காவது கல்லருகே
நாள்: இம்மாதம் 12ஆம் தேதி