எட்டு மணி நேரம் அவித்த புடிங்

23 நவம்பர் 2025, ஞாயிறு

முந்திரிகைவற்றல், பேரீச்சை, தோடம்பழத் தோல் எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டி முடித்தேன். பிராந்திப் போத்தலைத் திறக்கப் போகையில் மருமகள் மதுஷா வந்து நின்றாள்.

"மாமி, இந்த முறை புடிங்கை விடுவமே. நத்தாருக்கு ஃபஸ்னாக்காவையும் கூப்பிட்டிருக்கிறம். ட்ரைஃபிள் செய்யலாம். சீஸ்கேக் வாங்கலாம்."

கலியாணம் கட்டி ஐம்பத்திரண்டு நத்தார், ஐம்பத்திரண்டு பாலன் பிறப்பு. ஒன்றிலும் என் மேசையில் புடிங் இல்லாமல் இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் கண்மூடிய வருடம்கூடச் செய்தேன். மேலே பிராந்தி ஊற்றிக் கொளுத்திவிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மதுஷா விடவில்லை. "போன வருஷம் ஃபஸ்னாக்காவுக்கும் குடுத்தனீங்களெல்லோ. அதுக்குள்ளயும் பிராந்தி விட்டனீங்களோ?"

"அது வேற" என்றேன்.

வேறில்லை. ஒரே கிண்ணம்.

போத்தலை மூடி வைத்துவிட்டேன்.

24 நவம்பர்

எதிர் ஃபிளாட் ஃபஸ்னா. கல்முனை முஸ்லிம் பிள்ளை, பல் கிளினிக்கில் வேலை. ஜூலையில் நான் குளியலறையில் விழுந்தபோது மகனும் மதுஷாவும் டியூட்டியில். சத்தம் கேட்டு ஓடி வந்ததும், ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனதும், என் ஈரச் சேலையை மாற்றிவிட்டதும் அவள்தான்.

அதற்கு ஏழு மாதம் முன்பு, போன நத்தாரன்று, கதவடியில் நின்று கேட்டாள்: "டீச்சர், இதுக்குள்ள பிராந்தி கிராந்தி ஒண்டும் இல்லயே?"

"இல்லைப் பிள்ளை."

எட்டு மணி நேரம் அவித்தால் எல்லாம் ஆவியாகிப் போய்விடும் என்று கொன்வென்டில் மதர் சொல்லித் தந்தா. சரி, அவித்தேன். அவித்த பிறகு கிழமைக்கொரு கரண்டி பிராந்தி ஊற்றினேனே, அது எங்கே போனது? என் புடிங்கை ஒருவரும் வேண்டாமென்று சொன்னதில்லை. அவள் முதல் ஆளாகிவிடக் கூடாது - இதற்காக ஒரு பொய். எழுபத்தாறு வயதில்.

28 நவம்பர், வெள்ளி

புடிங்குக்குப் பதிலாக ருசி பார்க்க, மதுஷா குதைபியாச் சந்தி அரபுக் கடையில் உம் அலி வாங்கி வந்தாள். பாலில் நனைந்த பாண். நேற்றைய ட்ரைஃபிள் ஆசுபத்திரிச் சாப்பாடு. கரமல் புடிங் ஆடிக்கொண்டே இருந்தது.

மகன் சஜீவன் சிரித்தான். "அம்மா, இதென்ன ஓ.எல். சோதனையே? எல்லாருக்கும் ஃபெயில் போடுறியள்."

நான் சிரிக்கவில்லை. அந்தப் பொய்யை அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை.

2 டிசம்பர்

உண்மையைச் சொல்ல நான்கு வசனம் எழுதி, மனப்பாடம் செய்து, ஃபஸ்னா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவளுடைய மாமியார் திறந்தா. சாதிக்காய்த் தூள் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

3 டிசம்பர்

அலமாரியில் சாதிக்காய் இப்போது இரண்டு போத்தல்.

5 டிசம்பர், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அவளே வந்தாள், நீலக்கரைத் தட்டில், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பத்தோடு. "சாப்பிடுங்க டீச்சர், இன்னும் சூடு போகல்ல." கரண்டியைத் தொட முடியவில்லை. மனப்பாடம் செய்ததில் ஒன்றும் வரவில்லை. போன முறை தந்ததில பிராந்தி இருந்தது பிள்ளை, நான் தெரிஞ்சுதான் பொய் சொன்னனான் - அவ்வளவுதான் வந்தது.

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாம திண்டா எங்களுக்குக் குத்தமில்ல டீச்சர். தெரிஞ்சி தந்தவங்களுக்குத்தான் -" நிறுத்தினாள். பிறகு மெதுவாக, "மகளுக்கும் என்ட கையாலதான் ஊட்டின."

ஆறு வயசுப் பிள்ளை. அந்தப் பிள்ளையை நான் ஒருக்காலாவது நினைச்சனானோ? இந்தப் பத்து நாளும் என்ர மானத்தைப் பற்றியெல்லோ யோசிச்சுக்கொண்டிருந்தனான்.

மன்னிப்புக் கேட்டேன். "சரி டீச்சர்" என்றாள். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். அடித்துச் சாத்தியிருக்கலாம்.

9 டிசம்பர்

லிஃப்டில் ஃபஸ்னாவைக் கண்டேன். "சுகமா டீச்சர்?" கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்று மாடி. இவ்வளவு மெதுவான லிஃப்டா இது?

12 டிசம்பர்

நீலக்கரைத் தட்டு இங்கேயே கிடக்கிறது. அது யாருடையது என்பதே இரண்டு வீட்டுக்கும் மறந்துபோய்விட்டது. ஒருநாளும் வெறுமையாகப் போனதுமில்லை, வந்ததுமில்லை. இப்போது எதை வைத்துக் கொடுப்பது?

மதுஷாவுக்கும் சொன்னேன். தட்டைத் துடைத்து மேசையில் வைத்தாள். "கடையில பெட்டியோட ஏதாவது வாங்கிக் குடுங்கோ மாமி. என்னென்ன போட்டிருக்கெண்டு பெட்டியில அடிச்சிருக்கும். பயமில்லாமச் சாப்பிடுவா."

குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும், என் வாயை விட ஒரு பெட்டிக்கு மதிப்புக் கூடிவிட்டதே.

17 டிசம்பர்

கடுஞ்சாயத் தேத்தண்ணியில் பேரீச்சையும் முந்திரிகைவற்றலும் ஊறவைத்தேன். தோடம்பழச் சாறு, கித்துள் கருப்பட்டி, சீனி. பழைய கிண்ணத்தைத் தொடவில்லை, புதிது வாங்கினேன். வனிலா எசன்ஸ் போத்தலைக் கண்ணாடி போட்டு வாசித்தால் அதற்குள்ளும் மதுசாரம்! இத்தனை வருடம் ஒருநாளாவது வாசித்தேனா? ஏலக்காய் போதும்.

முதல் புடிங் இடிந்து விழுந்தது. இரண்டாவது கல்.

21 டிசம்பர்

மூன்றாவது நின்றது.

25 டிசம்பர், வியாழன்

ஃபஸ்னா மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். இருக்கலாம்.

பின்னேரம் நானே போனேன். நீலக்கரைத் தட்டில் புடிங், பக்கத்தில் ஓர் அட்டை. போட்டதெல்லாம் வரிசையாக, கூட்டெழுத்தில்லாமல், என் நல்ல கையெழுத்தில். கடைசி வரி: புதிய கிண்ணம்.

வாசலில் நின்றே ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

"வனிலா?"

"போடேல்லைப் பிள்ளை. அதுக்குள்ளயும் இருக்கு."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டாள். பின்னாலிருந்து மகள் கை நீட்டினாள். "உனக்குப் பொறவு" என்று ஃபஸ்னா தட்டை உயரத் தூக்கிக்கொண்டாள்.

பிள்ளைக்கும் குடு என்று சொல்ல எனக்கென்ன உரிமை?

28 டிசம்பர், ஞாயிறு

காலையில் கதவைத் திறந்தால் ஃபஸ்னாவின் மாமியார். கையில் நீலக்கரைத் தட்டு, மேலே ஐந்து பருப்பு வடை, அடியில் என் அட்டை. பொருட்களின் வரிசைக்குக் கீழே பென்சிலால் ஃபஸ்னா எழுதியிருந்தாள்: "சீனி கூட. மகளும் அதத்தான் சொல்றா."

இரண்டு தரம் வாசித்தேன்.

கூடத்தான். அடுத்த முறை இரண்டு கரண்டி குறைக்க வேண்டும்.